கிளிக் விழாததற்கு மானிட்டரை மாற்றச் சொன்னால் உஷார்

மேலூரில் சின்னதாக ஒரு டிசைனிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் பிழைப்பு. முகூர்த்த நேரம் பார்த்து, திரையின் வலது பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் கிளிக் விழாமல் போனது. நான் டிசைன் செய்கிற கோரல்டிரா சாஃப்ட்வேரில் கலர் கட்டங்கள் வலது ஓரத்தில்தான் வரிசையாக நிற்கும். மேலே இருக்கிற கறுப்பு, வெள்ளை எல்லாம் எடுக்கும். கீழே உள்ள நிறங்களின் மேல் அம்பு ஜம்மென்று போய் நிற்கும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடை, ரொம்ப நாளாகப் பழக்கம். அங்கிருந்து ஆள் வந்தார். "மவுஸ் போயிருச்சுண்ணே" என்று புதுசு மாட்டி, ரீஸ்டார்ட் செய்து காட்டினார். வேலை செய்தது. 650 ரூபாய். மதியத்துக்குள் மறுபடி அதே கோளாறு. அப்புறம், "டிஸ்பிளேல அந்த ஏரியா டெட்டுண்ணே" என்று மானிட்டரையே மாற்றினார். 4,500. பழையதை எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பில் கேட்டால் துண்டுச்சீட்டில் எழுதிய எஸ்டிமேட்.

தொடுதிரை இல்லாத மானிட்டருக்குக் கிளிக் என்றால் என்னவென்றே தெரியாது. படம் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. மவுஸ் பட்டன் கெட்டிருந்தாலும் திரை முழுக்கத்தான் கெடும், ஒரு மூலையில் மட்டும் கெடாது. சர்வீஸ் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாதா? ஒவ்வொரு பொருளை மாட்டும்போதும் ரீஸ்டார்ட் செய்தார் பாருங்கள், சூட்சுமம் அதில்தான். சரியானது ரீஸ்டார்ட்டால், காசு பொருளுக்கு.

மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று அவர் ஆரம்பித்த சமயத்தில் அக்கா மகன் கடைக்கு வந்திருந்தான். "மாமா, அந்த இடத்துல கிளிக் பண்ணிட்டு மேல பாருங்க" என்றான். கிளிக் செய்ததும் கோரல்டிராவின் தலைப்புப் பட்டை லேசாக மங்கியது. கிளிக் வேறு எதற்கோ போகிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத ஒரு விண்டோ அந்த இடத்தை மறைத்துக்கொண்டு மேலே நின்றிருக்கிறது. அப்படியே ஆல்ட்டும் எஃப் 4-ம் சேர்த்து அழுத்தினான். கலர் கட்டங்கள் எல்லாம் உயிர் பெற்றுவிட்டன.

அது என்ன விண்டோ என்று தேடினால், பிரிண்டர் மாட்ட வந்தபோது இதே கடைக்காரர் போட்டுவிட்டுப் போன ரிமோட் சாஃப்ட்வேர், அதாவது வேறு இடத்தில் இருந்தபடியே நம் கம்ப்யூட்டரை இயக்க உதவுவது! கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே தானாக ஓடும்படி வைத்து, நம்மைக் கேட்காமலே உள்ளே வர நிரந்தர பாஸ்வேர்டும் போட்டிருந்தார். 5,150 ரூபாய் போனதைவிட இதுதான் வயிற்றைக் கலக்கியது. அந்தக் கம்ப்யூட்டரில்தான் பேங்க் கணக்கும் பார்க்கிறேன்.

உங்களுக்கும் இப்படி ஆனால், முதலில் புரோகிராம் விண்டோவை இடதுபக்கம் இழுத்து வைத்து அதே பட்டனை அழுத்திப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் மவுஸ் மேல் தப்பில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜர் வரும். ஸ்கிரீன் ரெக்கார்டர், ரிமோட், சாட் மாதிரி மேலே மிதக்கும் புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். எதை நிறுத்தியதும் கிளிக் விழுகிறதோ, அதுதான். அங்கேயே ஸ்டார்ட்அப் பகுதியில் தெரியாத பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரிமோட் சாஃப்ட்வேர் இருந்தால் அதை நீக்கிவிட்டு, பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

பழைய மானிட்டரைத் திருப்பிக் கேட்டேன். "அது வித்துருச்சுண்ணே" என்கிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம்தான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லியிருக்கிறேன். எஸ்டிமேட் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அதில் அவர் கைப்பட "டிஸ்பிளே டெட்" என்று எழுதியிருக்கிறார்.