மணியா, ஏணியா, காத்திருப்பா?

18, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயம் பலரைத் தூங்கவிடவில்லை. காலரா வந்தால் அவசர அவசரமாகக் குழி தோண்டினார்கள். மூக்கருகே கண்ணாடியைப் பிடித்து ஆவி படிகிறதா என்று பார்ப்பதெல்லாம் ஒரு பரிசோதனை. பயம் இருந்தால் வியாபாரம் இருக்காதா? விதவிதமான 'பாதுகாப்புச் சவப்பெட்டி'கள் வந்தன. ஒருவர் மண்ணுக்குள் நிஜமாகவே கண் விழித்திருந்தால் இவற்றில் எது அவரை மேலே கொண்டுவந்திருக்கும்?

பிரன்சுவிக் கோமகன் பெர்டினாண்ட் 1792இல் இறந்தபோது அவருடைய பெட்டியில் ஒரு ஜன்னலும் காற்றுக் குழாயும் இருந்தன. மூடியை ஆணியடிக்காமல் பூட்டினார்கள். பெட்டிக்கு ஒன்று, கல்லறைக் கதவுக்கு ஒன்று என்று இரண்டு சாவிகளை அவர் உடுப்புப் பையிலேயே போட்டார்கள். அருமையான ஏற்பாடுதான், சொந்தமாகக் கல்லறை மண்டபம் இருந்தால். பால்டிமோரைச் சேர்ந்த ஐசன்பிராண்ட் 1843இல் காப்புரிமை வாங்கிய பெட்டிக்கும் இதே கதி. தலையோ கையோ லேசாக அசைந்தால் ஸ்பிரிங் மூடியைத் திறந்துவிடும். மேலே மண் போட்டுவிட்டால்? ஸ்பிரிங் என்ன செய்யும், பாவம். இரண்டையும் ஒதுக்கிவிடலாம்.

மண்ணில் புதைக்கப்படும் சாதாரண ஆளுக்கான பெட்டிகளில்தான் உண்மையான போட்டி. ஜெர்மனியின் டாக்டர் டாபர்கர் 1829இல் மணியை நம்பினார். பிணத்தின் கை, கால், தலையில் கயிறு கட்டி மேலே மணியோடு இணைத்தார். காற்றில் மணி தானாக அடிக்கக் கூடாது என்று அதற்கு ஒரு கூடு, பூச்சி இறங்காமல் வலை, மழைத்தண்ணீர் வழிந்தோட வழி. மணி அடித்தால் காவலாளி ஓடிவந்து இன்னொரு குழாயைச் செருகித் துருத்தியால் காற்றடிக்க வேண்டும். தோண்டி எடுக்க நேரமாகும், அதற்குள் மூச்சு முட்டும் என்று யோசித்திருக்கிறாரே, அதற்காகவே மனிதரை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் நள்ளிரவில் காவலாளி தூங்கிவிட்டால் எல்லாம் போச்சு.

அமெரிக்காவில் நியூவார்க்கின் பிரான்ஸ் வெஸ்டர் 1868இல் காவலாளியை அதிகம் நம்பவில்லை. முகத்துக்கு நேர் மேலே ஒரு சதுரக் குழாய், அதற்குள் ஏணி. தெம்பு இருந்தால் ஏறி வா, இல்லையென்றால் மணியை அடி. செத்தது உறுதியானதும் குழாயை உருவிக்கொண்டு அடுத்த பிணத்துக்குப் பயன்படுத்தலாம் என்று காப்புரிமையிலேயே எழுதிவைத்தார். சிக்கனக்காரர்! ஆனால் நோயில் விழுந்து, செத்தவர் என்று எண்ணும் அளவுக்கு ஒடுங்கிப்போனவர் இருட்டில் ஏணி ஏறுவாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

ரஷ்ய ஜார் அரசவையைச் சேர்ந்த கார்னிஸ்-கார்னிக்கி பிரபு 1897இல் கொண்டுவந்த கருவி, உள்ளே இருப்பவரிடம் எந்த வேலையும் கேட்கவில்லை. மார்பின் மேல் ஒரு கண்ணாடி உருண்டை. நெஞ்சு அசைந்தால் ஸ்பிரிங் விடுபட்டு, மேலே உள்ள இரும்புப் பெட்டி திறந்து, காற்றும் வெளிச்சமும் உள்ளே போகும். கொடி எழும்பும், மணி அடிக்கும். காகிதத்தில் பார்த்தால் இதுதான் முதலிடம். ஆனால் பிணம் அழுகும்போது வயிறு உப்பும், உடல் அசையும். அந்த அசைவுக்கும் உருண்டை நகரும், கொடி எழும்பும். உயிர் அசைவு எது, அழுகல் அசைவு எது என்று அதற்குத் தெரியாது. கூர்மையான கருவிக்குக் கூர்மையே குறை. டாபர்கரின் கயிறுகளுக்கும் இதே வியாதி உண்டு.

புதைக்காமலே வைத்திருக்கலாமே என்று யோசித்தவர் டாக்டர் ஹூஃபெலாண்ட். அவர் முயற்சியால் 1790களில் ஜெர்மனியின் வைமாரில் பிணம் காக்கும் மண்டபம் எழுந்தது. மியூனிக் போன்ற ஊர்களும் கட்டின. விரலில் கம்பி, அடுத்த அறையில் மணி, ராத்திரியும் பகலும் ஓர் ஆள். நாற்றத்தை மறைக்கப் பூக்கள். இங்கேயும் பொய் மணி அடித்தது; ஆனால் குழி தோண்ட வேண்டாம், எட்டிப் பார்த்தால் போதும். அழுகல் தொடங்கினால் சந்தேகம் தீர்ந்தது. மற்ற கருவிகளைக் கெடுத்த அதே அழுகல் இங்கே சாட்சியாகிவிட்டது. இந்த மண்டபங்களிலிருந்து யாரும் எழுந்து நடந்து வந்ததாக நம்பத்தக்க பதிவு இல்லை. இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

ஆல்ஃபிரட் நோபல் 355 காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரர். அவர் எந்தப் பெட்டியையும் கேட்கவில்லை. 1895 உயிலில் கேட்டது இவ்வளவுதான்: என் ரத்தக் குழாய்களை வெட்டுங்கள், மருத்துவர்கள் மரணத்தை உறுதி செய்யட்டும், அப்புறம் எரித்துவிடுங்கள்.