தோல் இறுகும் நோய்க்கு லேசர் பேக்கேஜா? கட்டும் முன் இதைப் படியுங்கள்

போன மார்கழியில் அக்காவுக்கு விரல் நுனியெல்லாம் வெளுத்து, அப்புறம் நீலமாகி வலிக்க ஆரம்பித்தது. பச்சைத் தண்ணீரில் பாத்திரம் துலக்குவதால் என்று விட்டுவிட்டோம். சித்திரைக்குள் விரல்களில் தோல் இறுகி, மடக்கக்கூட முடியவில்லை. கன்னத்தில் சிவப்புப் புள்ளிகள் வேறு.

ஒரு ஸ்கின் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்தார். மீதியெல்லாம் பேசியது ‘கவுன்சிலர்’ என்று ஒரு பெண். "எட்டு சிட்டிங் லேசர் சார், தோல் பஞ்சு மாதிரி இளகிடும்." 64,000 ரூபாயாம், அன்றே கட்டினால் 52,000. கட்டினேன். விரல் வெளுப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லை. என்ன லேசர் என்றதற்கு, "யுஎஸ் மெஷின் சார்." பில்லில் நோயின் பெயரே இல்லை, ‘ஸ்கின் ரெஜுவனேஷன்’, அதாவது தோலைப் பொலிவாக்குவது என்றுதான் இருந்தது. பார்த்தும் வாயைத் திறக்காதது என் தப்பு.

மூன்றாவது சிட்டிங்கில் புறங்கை கொப்பளித்துவிட்டது. ஐஸ் வைக்கச் சொன்னார்கள். குளிர் பட்டாலே ரத்தக்குழாய் சுருங்கி வெளுக்கும் விரல்களுக்கு ஐஸ்! புண் ஆற ஏழு வாரம் ஆனது.

பிறகு பார்த்த ரூமட்டாலஜிஸ்ட் (மூட்டு, எதிர்ப்புச் சக்திக் கோளாறுகளுக்கான டாக்டர்) கையைத் தொட்டதும் கேட்ட முதல் கேள்வி, "குளிர்ல வெளுக்குமாம்மா?" எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிறதா என்று பார்க்க உதவும் ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனை, நுரையீரலுக்கு சிடி ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ எல்லாம் எடுத்தார்கள். ஸ்கிளீரோடெர்மா. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, கொலாஜனைக் கண்டபடி சேர வைக்கிற நோய். தோலோடு நிற்காது. அக்காவுக்கு நுரையீரலின் அடிப்பக்கம் ஏற்கெனவே கொஞ்சம் தழும்பேறியிருந்தது. அதற்கு மைக்கோஃபெனோலேட், விரல் வெளுப்புக்கு நிஃபெடிபின். நாங்கள் லேசருக்கு அலைந்த நான்கு மாதமும் இந்த மாத்திரைகள் இல்லாமல் போனவை.

லேசரே பொய் என்று சொல்லவில்லை. 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசரின் ஒளியை ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கொள்ளும்; அதனால் முகத்துச் சிவப்புப் புள்ளிகள் மங்கும், திரும்பியும் வரலாம். மார்ஃபியா என்ற வகையில் திட்டுத் திட்டாக இறுகும் தோலுக்கு யுவிஏ1 என்ற புற ஊதா ஒளிச் சிகிச்சை உண்டு, ஆனால் அது லேசர் இல்லை. உள்ளே நடக்கும் நோயை இவை எதுவும் அடக்காது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாதாம். வேண்டுமானால் மீதி ஐந்து சிட்டிங்கை வீட்டில் வேறு யாருக்காவது மாற்றித் தருகிறார்களாம்.