மோடத்துக்குப் பின்னால் ரவுட்டர்: பிரிட்ஜா, ஆக்சஸ் பாயின்ட்டா, இரட்டை நேட்டா?

மோடத்தில் கணினியை நேரடியாகச் செருகினால் இணையம் வருகிறது. நடுவில் ஒரு ரவுட்டரை வைத்தால் வைஃபை பெயர் மட்டும் தெரிகிறது, பக்கம் எதுவும் திறப்பதில்லை. இதற்கு வழி கேட்டால் முதலில் கிடைக்கும் பதில், "மோடத்தை பிரிட்ஜ் மோடில் போடு" என்பதுதான். அதாவது, மோடத்தின் ரவுட்டர் வேலையை நிறுத்தி, அதை வெறும் மோடமாக மட்டும் வைப்பது. அது நல்ல வழி, சந்தேகமில்லை. ஆனால் நான்கு வழிகளில் அது ஒன்று. நான்கிலும் வேலை அதிகம் வைப்பதும் அதுதான். வைஃபை எட்டாத அறைக்கு எட்ட வேண்டும் என்பது மட்டுமே தேவை என்றால், பிரிட்ஜ் மோட் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

இன்று இணைய நிறுவனங்கள் தரும் பெட்டி பெரும்பாலும் வெறும் மோடம் அல்ல. அதற்குள்ளேயே ஒரு ரவுட்டர், வைஃபை, முகவரி வழங்கும் டிஹெச்சிபி எல்லாம் இருக்கின்றன. அதன் பின்னால் நாம் வாங்கிய ரவுட்டரை மாட்டும்போது, ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. எந்தப் பெட்டி எந்த வேலையைச் செய்யும் என்று முடிவு செய்வதில்தான் இந்த நான்கு வழிகளும் வேறுபடுகின்றன.

அதற்கு முன் ஒரு சோதனை

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன், உங்கள் ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து வேன் முகவரி, அதாவது மோடத்தின் பக்கமிருந்து ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி, என்ன என்று பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும்.

0.0.0.0 என்றோ காலியாகவோ இருந்தால் மோடத்திடமிருந்து ரவுட்டருக்கு முகவரியே வரவில்லை. கேபிள் வேன் போர்ட்டுக்குப் பதிலாக வீட்டுக் கருவிகளுக்கான லேன் போர்ட்டில் செருகியிருக்கலாம். அடிக்கடி நடப்பது இது. மோடம் ஏற்கனவே பிரிட்ஜ் மோடில் இருந்து, பிபிபிஓஇ (பயனர் பெயர் கேட்டு இணைக்கும் முறை) பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டரில் போடாமல் விட்டிருக்கலாம். கேபிள் இணைப்பாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு: முதலில் செருகிய கணினியின் மேக் முகவரியை (கருவிக்கு உரிய வன்பொருள் எண்) மோடம் நினைவில் வைத்துக்கொண்டு, புதிதாக வந்த ரவுட்டருக்கு முகவரி தராமல் இருக்கும். மோடத்தின் மின்சாரத்தைத் துண்டித்து, சற்று நேரம் விட்டு, முதலில் மோடத்தையும் அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டரையும் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவில்லையென்றால், இணையம் வந்த அந்தக் கணினியின் மேக் முகவரியை ரவுட்டரின் 'மேக் குளோன்' பகுதியில் கொடுத்துப் பார்க்கலாம்.

வேன் முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால், அல்லது 172.16 முதல் 172.31 வரை இருந்தால், பெரும்பாலும் மோடமே ரவுட்டர் வேலையைப் பார்க்கிறது என்று பொருள். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் உள்பயன்பாட்டுக்கென ஒதுக்கிய எண்கள் இவை. பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் நேட் வேலையை இரண்டு பெட்டிகளும் செய்யும் இந்த நிலைக்கு இரட்டை நேட் என்று பெயர். கவனியுங்கள், இரட்டை நேட்டில் இணையம் வேலை செய்ய வேண்டும். வேலை செய்யவில்லையென்றால் குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் கீழே சொல்லும் முகவரி மோதல்தான்.

வேன் முகவரி இந்த எதிலும் சேராத பொது முகவரியாக இருந்தால் 8.8.8.8-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்யுங்கள். பதில் வந்து, பெயர் போட்டால் மட்டும் தளம் திறக்கவில்லை என்றால் அது தளப் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸின் கோளாறு. மோட் எதையும் மாற்ற வேண்டாம், டிஎன்எஸ் முகவரியை மாற்றினால் போதும்.

இரட்டை நேட்டை அப்படியே விடுவது

இதற்கு இருக்கும் கெட்ட பெயர் அளவுக்கு இது கெட்டதில்லை. தளம் பார்ப்பது, வீடியோ, காணொளி அழைப்பு, அலுவலக விபிஎன்னுக்குள் நுழைவது எல்லாம் இரண்டு நேட்களைத் தாண்டியும் ஓடும். உள்ளிருந்து தொடங்கும் இணைப்புக்கு எத்தனை நேட் இருந்தாலும் பெரிதாகக் கவலையில்லை.

பலருக்கு இது ஓடாமல் போவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. மோடத்தின் உள் முகவரி 192.168.1.1; வாங்கி வந்த ரவுட்டரின் உள் முகவரியும் 192.168.1.1. தெருவின் இரண்டு பக்கமும் ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ரவுட்டரும் அப்படித்தான் விழிக்கும். வெளியே அனுப்ப வேண்டியதைத் தன் உள்வலையிலேயே தேடும். ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.50.1 என்று மாற்றிவிட்டு மறுபடி தொடங்கினால் தீர்ந்தது. புதிய ரவுட்டர்கள் சில இந்த மோதலைத் தாங்களே கண்டுபிடித்து எண்ணை மாற்றிக்கொள்ளும். மாற்றிய பிறகு அமைப்புப் பக்கத்துக்கும் புது எண்ணில்தான் போக வேண்டும். பழைய எண்ணை அடித்துவிட்டு "ரவுட்டர் செத்துப்போச்சு" என்று நினைக்க வேண்டாம்.

சரி, எதில் இது இடறும்? வெளியிலிருந்து உள்ளே வரும் எதிலும். வீட்டுக் கேமராவை அதன் போர்ட் வழியாக வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்ப்பது, சொந்தமாக விபிஎன் சர்வர் வைப்பது, விளையாட்டுக் கன்சோல் 'ஸ்ட்ரிக்ட் நேட்' என்று முறையிடுவது. போர்ட் ஃபார்வர்டிங்கை (வெளியிலிருந்து வருவதை உள்ளே குறிப்பிட்ட கருவிக்கு அனுப்பும் அமைப்பு) இரண்டு பெட்டியிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருக்கும். அடுத்தது பிரிண்டர். மோடத்தின் வைஃபையில் பிரிண்டர், ரவுட்டரின் வைஃபையில் மடிக்கணினி என்றால், ஐபி எண்ணைக் கொடுத்து இணைக்கலாமே தவிர, தானாகத் தேடிக் கண்டுபிடிக்காது. எதிர்த்திசையில் அதுகூட நடக்காது.

அந்த ஒருவழித் தன்மையையே பயனாக மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. ரவுட்டரின் உள்வலையிலிருந்து மோடத்தின் வெளிவலையை எட்ட முடியும், வெளிவலையிலிருந்து உள்வலையை எட்ட முடியாது. எனவே நம்பிக்கை குறைந்த மலிவுக் கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லாம் மோடத்தின் வைஃபையிலும், முக்கியமான கணினிகள் ரவுட்டருக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, பல்புகளை உள்ளே வைத்துவிட்டுப் பாதுகாப்பு கிடைத்ததாக நினைக்கிறார்கள். பல்பு உள்ளே இருந்தால் அதற்கு இரண்டு வலையும் திறந்துதான் இருக்கும்.

ஆக்சஸ் பாயின்ட் மோட்

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். மோடமே ரவுட்டராக இருக்கட்டும். நாம் வாங்கிய பெட்டி வைஃபை மட்டும் கொடுக்கட்டும். எல்லாக் கருவிகளும் ஒரே வலையில் இருப்பதால் பிரிண்டர் தெரியும், டிவிக்குப் படம் அனுப்பலாம். புதிய முகவரி முறையான ஐபிவி6 தடையில்லாமல் கடந்து போகும். இரட்டை நேட்டில் இரண்டாவது ரவுட்டருக்கு ஐபிவி6 முகவரித் தொகுதி கிடைக்காமல் போவது சகஜம். அந்தத் தொல்லை இதில் இல்லை. நிறுவனத்தின் கடவுச்சொல்லும் தேவையில்லை, மோடத்தில் கைவைக்கவும் வேண்டாம்.

இந்த மோடை ஒரே தேர்வாகக் கொடுத்திருக்கும் ரவுட்டர் என்றால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. கேபிளும் வேன் போர்ட்டிலேயே இருக்கலாம். அந்தத் தேர்வு இல்லாத பழைய ரவுட்டரிலும் செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் லேன் முகவரியை மோடத்தின் வலைக்குள், அது மற்றவற்றுக்கு வழங்கும் எண்களுக்கு வெளியே, 192.168.1.2 போல ஒன்றாக மாற்ற வேண்டும். அப்புறம் டிஹெச்சிபியை அணைக்க வேண்டும். கடைசியாகத்தான் கேபிளை வேன் போர்ட்டிலிருந்து எடுத்து லேன் போர்ட் ஒன்றில் செருக வேண்டும்.

டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் வருவது மிக எரிச்சலான கோளாறு. ஒரே வலையில் இரண்டு பெட்டிகள் முகவரி கொடுக்கும். எந்தப் பெட்டி முந்துகிறதோ அதைப் பொறுத்து ஒரு போனில் இணையம் வரும், பக்கத்துப் போனில் வராது. மாலையில் அதே போன் மாறி நடந்துகொள்ளும். இப்படி விட்டுவிட்டு வேலை செய்கிறது என்றால், இணையம் வராத கருவியில் கேட்வே (வெளியே போகும் வாசல்) முகவரி எது என்று பாருங்கள். மோடத்தின் எண்ணுக்குப் பதில் ரவுட்டரின் எண் இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

இழப்பு என்னவென்றால், காசு கொடுத்து வாங்கிய ரவுட்டரின் மூளை தூங்கப் போய்விடும். பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, வேகப் பங்கீடு, விபிஎன், ஃபயர்வால் எல்லாம் பொதுவாக இந்த மோடில் அணைந்துவிடும். அவற்றுக்காகவே ரவுட்டர் வாங்கியவருக்கு இந்த வழி சரிப்படாது. நிறையக் கருவிகள் சேர்ந்தால் மோடமே திணறி நிற்கிறது என்றாலும் இது உதவாது, ஏனென்றால் கடினமான வேலை இன்னும் மோடத்திடமே இருக்கிறது.

பிரிட்ஜ் மோட்

இதில் மோடம் வெறும் மோடமாகிவிடும். பொது முகவரி நேராக உங்கள் ரவுட்டருக்கு வந்துவிடும். ஒரே நேட், ஒரே ஃபயர்வால், போர்ட் ஃபார்வர்டிங் ஒரே இடத்தில். சொந்த விபிஎன், வீட்டு சர்வர், கன்சோல் என்று தேவை உள்ளவர்களுக்கு இதுதான் சுத்தமான வழி.

ஆனால் பொத்தானை அழுத்தும் முன் கையில் சில விவரங்கள் இருக்க வேண்டும். பிபிபிஓஇ இணைப்பா, அப்படியென்றால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் என்ன? ஃபைபர் இணைப்பில் விலேன் எண் (நிறுவனத்தின் வலைப் பகுதியைக் குறிக்கும் எண்) தேவையா? பிரிட்ஜுக்கு மாற்றியதும் இணையம் போய்விடும் என்பதால், இவற்றை முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மோடத்தில் தரைவழித் தொலைபேசியோ டிவி பெட்டியோ மாட்டியிருந்தால், பிரிட்ஜில் அவை ஓடுமா என்பதையும் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். மோடத்தின் வைஃபை பெரும்பாலும் நின்றுவிடும். அதன் மற்ற லேன் போர்ட்களில் செருகிய கருவிகளுக்கும் பெரும்பாலும் முகவரி கிடைக்காது. எல்லாவற்றையும் ரவுட்டருக்கு மாற்ற வேண்டும்.

பிரிட்ஜுக்குப் பின் வரும் ஒரு கோளாறு ஆளைக் குழப்பும்: சில தளங்கள் பளிச்சென்று திறக்கும், சில பாதியில் தொங்கும். இது எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, பற்றிய விவகாரம். சாதாரண ஈத்தர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை இருக்கலாம். பிபிபிஓஇ அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் மீதம் 1492. ரவுட்டர் 1500 என்றே நினைத்துக்கொண்டிருந்தால் பெரிய பொட்டலங்கள் வழியில் தொலைகின்றன. துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1464 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து சரியாக 1492 ஆகும். அது போய், 1465 போகவில்லை என்றால் எம்டியுவை 1492 என்று வைத்துவிடலாம்.

மோடத்தை மறுபடி பார்க்க வேண்டுமென்றால் பழைய எண்ணில் திறக்காமல் போகலாம். கேபிள் மோடங்களில் பல 192.168.100.1-இல் பதில் சொல்லும். இன்னொன்று, மோடத்தை முழுமையாக ரீசெட் செய்தால் அது பழையபடி ரவுட்டராகிவிடும். நன்றாக ஓடிய இணைப்பில் ஒருநாள் கன்சோல் திடீரென முறையிட்டால், வேன் முகவரி 192.168 ஆகிவிட்டதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டிஎம்இசட்

மோடத்தில் பிரிட்ஜ் தேர்வையே பூட்டி வைத்திருந்தால் அடுத்த வழி இது. மோடத்தின் டிஹெச்சிபியில் உங்கள் ரவுட்டருக்கு மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கி, அதை டிஎம்இசட் கட்டத்தில் எழுத வேண்டும். வெளியிலிருந்து வருவதையெல்லாம் மோடம் அப்படியே ரவுட்டருக்குத் தள்ளிவிடும். மோடத்தின் வைஃபையும் தொலைபேசியும் முன்புபோல ஓடும். போர்ட் ஃபார்வர்டிங்குக்குப் போதுமானது. கருவிகள் தாங்களே போர்ட் திறந்துகொள்ள உதவும் யுபிஎன்பி மட்டும் சில ரவுட்டர்களில் அடம்பிடிக்கும், வேன் பக்கம் தனியார் முகவரி இருப்பதைப் பார்த்து மறுத்துவிடும். ஒதுக்கீடு செய்யாமல் விட்டால், முகவரி மாறும் நாளில் எல்லாம் நின்றுபோகும். ரவுட்டருக்குப் பதிலாக ஒரு கணினியையே டிஎம்இசட்டில் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மோடத்தில் 'ஐபி பாஸ்த்ரூ' என்ற தேர்வு இருந்தால் டிஎம்இசட்டைவிட அது மேல், ஏனென்றால் பொது முகவரியே ரவுட்டருக்குக் கிடைக்கும்.

நான்கும் கைவிடும் ஓர் இடம்

போர்ட் ஃபார்வர்டிங்குக்காகத்தான் இவ்வளவு பாடு என்றால், பிரிட்ஜுக்குப் பிறகும் வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்குகிறதா என்று பாருங்கள். 2012-இல் ஆர்எஃப்சி 6598 இந்தத் தொகுதியை நிறுவனங்களின் பெரிய நேட்டுக்கென்றே ஒதுக்கியது. அப்படியென்றால் இன்னொரு நேட் நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. வீட்டில் எந்த மோடைப் போட்டாலும் வெளியிலிருந்து பழைய முகவரி முறையான ஐபிவி4 வழியாக யாரும் நேரடியாக உள்ளே வர முடியாது. நிறுவனத்திடம் பொது முகவரி கேட்கலாம், பல இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. இல்லையென்றால் ஐபிவி6 வழியாக வரலாம், அல்லது பொது முகவரி உள்ள வெளி சர்வர் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே விபிஎன் இணைப்பைத் தொடங்கி அதன் வழியே வரலாம். இந்த இரண்டில் ஒன்று போதும் என்றால் பிரிட்ஜ் மோட் தேவைப்படாமலே போகலாம்.