மூன்றரை லட்சத்துக்கு நான்கு வண்டி

என் மச்சினனுக்கு வேளச்சேரியில் வீடு, பெருங்குடியில் வேலை. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு என் மாமியார். மாதம் ஒருமுறை எல்லாரும் திண்டிவனம் போய்வர வேண்டும். பழைய கார் ஒன்று வாங்கக் கையில் மூன்றரை லட்சம். "மாமா, பேசாம ஸ்விஃப்ட்டே பார்த்துடலாமா?" என்று போனில் கேட்டான்.

செகண்ட் ஹேண்ட் என்றதும் வாயில் முதலில் வரும் பெயர் அதுதான். ஆனாலும் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து பதினோரு வண்டி பார்த்தோம். கடைசியில் பேச்சு நான்கு மாடலில் வந்து நின்றது: மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் கிராண்ட் ஐ10, டொயோட்டா எட்டியோஸ் லிவா, ஃபோர்டு ஃபிகோ. நான்கும் ஒரே அளவு ஹேட்ச்பேக். ஆனால் ஒவ்வொன்றிலும் ஏமாறுவதற்கான வழி வேறு.

ஸ்விஃப்ட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது அங்கேதான். 2005இல் வந்தது முதல் தலைமுறை. ஹெட்லைட் குட்டையாக நிமிர்ந்து நிற்கும். 2011 ஆகஸ்டில் வந்த இரண்டாவதில் அது நீண்டு முன்சக்கரத்துக்கு மேலிருக்கும் தகட்டில் (ஃபெண்டர்) ஏறியிருக்கும். 2018 பிப்ரவரியில் வந்த மூன்றாவதில் பின் கதவுக் கைப்பிடியைக் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் ஒளித்துவைத்திருப்பார்கள். நம் பட்ஜெட்டுக்குக் கிடைப்பது நடுவில் உள்ளது. மாடலைக் கண்டுபிடிப்பது இப்படிச் சுலபம். கஷ்டம் எந்த வகை என்று கண்டுபிடிப்பதில்.

மடிப்பாக்கத்தில் ஒரு வெள்ளை ஸ்விஃப்ட். டிக்கியில் இசட்எக்ஸ்ஐ என்று பளபளவென்று எழுத்து. அந்தத் தலைமுறையில் ஏர்பேக், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், ஆட்டோமேட்டிக் ஏசி எல்லாம் சேர்ந்து வந்த பெட்ரோல் வகை அது, விலையும் அதற்கேற்ப. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் ஸ்டியரிங் நடுவில் ஏர்பேக் முத்திரை இல்லை, ஏசிக்குத் திருகும் குமிழ். அதற்குக் கீழ் வகையான விஎக்ஸ்ஐ வண்டிக்கு எழுத்தை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். கார் சாமான் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் அந்த எழுத்து வாங்க ஐந்து நிமிடம் ஆகாது. விற்றவரிடம் கேட்டோம். "நான் வாங்கும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு" என்றார். உண்மையாகவும் இருக்கலாம்.

ஏர்பேக் இருக்கிறது என்று சொல்லும் வண்டியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம்: எப்போதோ மோதி ஏர்பேக் வெடித்து, புதிதாக மாட்டாமல் விளக்கை மட்டும் பிடுங்கியிருக்க வாய்ப்பு உண்டு. 2014இல் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்ட்டை மோதிப் பார்த்துப் பூஜ்யம் நட்சத்திரம் கொடுத்தது. லிவாவின் அண்ணன் எட்டியோஸ் அதே அமைப்பின் சோதனையில் 2016இல் நான்கு நட்சத்திரம் வாங்கியது, ஏர்பேக்கோடு. பிள்ளைகள் ஏறும் வண்டி என்பதால் இந்த வித்தியாசத்தை மச்சினனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

எஞ்சினில் ஸ்விஃப்ட்டைக் குறை சொல்ல முடியாது. 1.2 லிட்டர் பெட்ரோலைத் தெருமுனை மெக்கானிக்கே கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். டீசலில் இருந்தது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், ஃபியட், டாடா, மாருதி என்று பல வண்டிகளில் ஓடிய அதே எஞ்சின். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை விட்டுவிட்டாலும் பாகத்துக்குப் பஞ்சம் இல்லை. காலை நேரத்தில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது உள்ளே இருக்கும் டைமிங் சங்கிலி சலசலக்கிறதா என்று மட்டும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வண்டி பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால் நாம் போவதற்குள் எஞ்சினைச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள்.

ஸ்விஃப்ட்டின் நிஜமான குறை டிக்கி. 204 லிட்டர்தான். கிராண்ட் ஐ10 256, லிவா 251, ஃபிகோ 257. ஐம்பது லிட்டர் என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. திண்டிவனத்திலிருந்து ஒரு சிப்பம் அரிசியும் இரண்டு பையும் வரும்போது தெரியும்.

டீசலா பெட்ரோலா என்ற கேள்வியை இங்கேயே முடித்துவிடலாம். வேளச்சேரியிலிருந்து பெருங்குடிக்கு எவ்வளவு தூரம்? எஞ்சின் சூடாவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். அப்படி ஓடும் டீசலில் கரி படிந்து, புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு அடைக்கும், மிச்சம் பிடித்த டீசல் காசு அங்கே போய்விடும். தினமும் திருவள்ளூருக்கோ செங்கல்பட்டுக்கோ போய்வருபவருக்குக் கணக்கு வேறு. இன்னொன்று: டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை வந்ததால் அங்கிருந்து மலிவாக இறங்கிய வண்டிகள் இங்கேயும் வந்தன. அந்த ஊர் ஆர்டிஓவில் ஆட்சேபனை இல்லை என்று என்ஓசி வாங்கி, இங்கே மறுபடி ரோடு டாக்ஸ் கட்டி, நம்பர் மாற்றி முடிப்பதற்குள் அந்த மலிவு காணாமல் போகும்.

சரி, கிராண்ட் ஐ10. இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி, அந்த விதத்தில் நம்ம ஊர்ப் பிள்ளை. 2013 செப்டம்பரில் வந்தது, 2017 தொடக்கத்தில் முகம் மாற்றினார்கள். விளம்பரங்களில் பழைய ஐ10ஐ ‘கிராண்ட்’ என்று போட்டுவிடுகிறார்கள், அல்லது தெரியாமல் போடுகிறார்கள். வெளியே குழம்பினால் பின் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பாருங்கள். இரண்டு முன்சீட்டுக்கு நடுவே பின்பக்கத்துக்கு ஏசி காற்று வரும் துவாரம் இருந்தால் கிராண்ட். பழைய ஐ10இல் அது கிடையாது. ஸ்விஃப்ட்டிலும் லிவாவிலும் ஃபிகோவிலும்கூடக் கிடையாது. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நின்ற வண்டியில் பின்னால் ஏறும் என் மாமியாருக்கு இதைவிடப் பெரிய வசதி எதுவும் இல்லை.

இதன் 1.2 கப்பா பெட்ரோலில் டைமிங் செயின்; பழைய ஐ10இன் 1.1 எஞ்சினில் குறித்த காலத்தில் மாற்ற வேண்டிய பெல்ட். அதனால்தான் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்கிறேன். ஸ்டியரிங் ஒற்றை விரலில் சுற்றும், விஜயநகர் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் அது வரம். ஆனால் ஜிஎஸ்டி ரோட்டில் நூறைத் தொட்டால் அதே லேசு பயமுறுத்தும். மேடு பள்ளத்தில் பின்பக்கம் துள்ளும். ஆரம்ப ஆண்டுகளில் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உச்ச வகையில்தான் கிடைத்தன, இதுவும் மறக்கக் கூடாது.

லிவா பற்றிப் பேச்செடுத்தாலே என் மெக்கானிக்குக் குரல் மாறும். "வாங்கிப் போட்டுட்டு மறந்துடு" என்பார். 2011 முதல் 2020 வரை பெங்களூருக்குப் பக்கத்துப் பிடதியில் செய்தது. அழகு கிடையாது, கதவைச் சாத்தினால் தகர டப்பா சத்தம், மீட்டர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இல்லாமல் டேஷ்போர்டு நடுவில். அதைப் பழகிக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆகும், சிலருக்குப் பழகவே பழகாது. 2016 இறுதிக்கு மேல் வந்தவற்றில் எல்லா வகையிலும் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ்.

பிறகு ஏன் எல்லாரும் லிவா வாங்குவதில்லை? நல்லது கிடைப்பதில்லை. உழைக்கும் வண்டி என்பதாலேயே டாக்ஸிக்கு ஓட்டித் தீர்த்துவிட்டார்கள். டாக்ஸியின் மஞ்சள் போர்டை ஆர்டிஓவில் சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டாக மாற்றி, பெயின்ட் அடித்து, ‘ஃபேமிலி யூஸ்டு’ என்று நிற்கும். அரசின் பரிவாகன் தளத்தில் பழைய விவரமும், பதிவுச் சான்றான ஆர்சியும் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அதற்கு முன்பே பின் சீட்டைப் பாருங்கள். குடும்ப வண்டியில் தேய்வது டிரைவர் சீட். டாக்ஸியில் பயணி இடது பக்கம் ஏறி இடது பக்கமே உட்காருவார். பின் சீட்டின் இடது ஓரம் அமுங்கி, இடது பின் கதவின் கைப்பிடி மட்டும் வழவழப்பாகி, அந்தக் கதவு மட்டும் லேசாகத் தொங்கினால் மீட்டரில் 48,000 என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். கே.கே. நகரில் நாங்கள் பார்த்த லிவாவில் இந்த மூன்றும் இருந்தன. கூடவே பெடலுக்கு அடியில், டாக்ஸிகளில் மாட்டும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் அறுத்துவிட்ட வயர்.

ஃபிகோவுக்கு வருகிறேன். எனக்கு இதில் பாரபட்சம் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2010இல் மறைமலை நகரில் பிறந்தது முதல் ஃபிகோ. 2015இல் வந்த இரண்டாவது, அகலமாக வாய் திறந்த கிரில்லோடு இருப்பது, குஜராத்தின் சனந்தில் செய்தது. இதைத் தெரியாமல் "நம்ம மறைமலை நகர் வண்டி சார்" என்று ஒரு புரோக்கர் 2017 மாடலைக் காட்டிப் பெருமைப்பட்டார். 1.5 டீசலில் 100 குதிரைத் திறன். ஒரு டன் சொச்சம் எடையுள்ள வண்டிக்கு அது அதிகப்படி. இரண்டாவது கியரில் மிதித்தால் சிரிப்பு வரும். உச்ச வகையில் ஆறு ஏர்பேக். நூறில் கிராண்ட் ஐ10 ஆடும் இடத்தில் இது தண்டவாளத்தில் போவதுபோல் போகும்.

விலையும் இறங்கிக் கிடக்கிறது. எங்களுக்குக் காட்டியதில் மூன்றரைக்குள் வந்த ஸ்விஃப்ட் 2014, ஃபிகோ 2017. பதிவு பதினைந்து வருடம் என்பதால் ஒன்றுக்கு 2029இல் எஃப்சி என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும், மற்றதற்கு 2032இல். ஃபிகோ விலை இறங்கிய காரணம் எல்லாருக்கும் தெரியும்: 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்றார்கள். ஃபில்டர், பிரேக் பேட் மாதிரி அடிக்கடி மாற்றுகிற பொருளுக்குப் பிரச்சினை இல்லை. பம்பர், ஹெட்லைட், கதவு என்று வந்தால் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பழைய பாகம் விற்கும் புதுப்பேட்டையில் தேட வேண்டும். டீசலில் டைமிங் பெல்ட் வேறு. மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையில் கழியுங்கள். ஒரே வண்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு, அதுவும் வண்டி ஒரு வாரம் ஒர்க் ஷாப்பில் நின்றால் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோ தேடும் குடும்பத்துக்கு, இதைச் சிபாரிசு செய்ய மனசு வரவில்லை.

இந்த நான்கு மாடல் சண்டையையும் தாண்டி சென்னைக்கென்று ஒரு கேள்வி இருக்கிறது. தண்ணீரில் நின்றதா? 2015 டிசம்பரில் முடிச்சூரும் கோட்டூர்புரமும் மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை மூழ்கியபோதும் நின்ற வண்டிகள் எல்லாம் குப்பைக்குப் போய்விடவில்லை. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் காரை ஏற்றி வரிசையாக நிறுத்துவது சும்மா இல்லை. ஒரு பழக்கமாகவே செய்கிறேன்: சீட் பெல்ட்டை மெதுவாக, கடைசி அங்குலம் வரை இழுப்பேன். யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை, அதனால் யாரும் அவ்வளவு தூரம் கழுவுவதும் இல்லை. மூன்றாவது ஞாயிறு பார்த்த ஒரு சிவப்பு ஸ்விஃப்ட்டில் உள்ளே எல்லாம் புதுசு, சாம்பிராணி வாசம்கூட. பெல்ட்டின் கடைசி சாணில் காபித்தூள் நிறத்தில் குறுக்கே ஒரு கோடு. சீட் தண்டவாளத்தின் அடியில் துரு. மச்சினன் என்னைப் பார்த்தான், நான் பெல்ட்டை விட்டேன், அது பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

கடைசியில் பெரம்பூரில் ஒரு ரிட்டயர்டு ரயில்வே ஊழியரிடம் 2016 கிராண்ட் ஐ10 பெட்ரோல். முதல் ஓனர், ஏர்பேக் உள்ள உச்ச வகை. ஆர்சியில் இருந்த சேஸிஸ் எண்ணும் வண்டியில் குத்தியிருந்ததும் ஒன்றே; நான்கு கதவுக் கண்ணாடியிலும் ஒரே வருடக் குறி, அதாவது எதையும் மாற்றியதாகத் தெரியவில்லை. வலது பின் கதவில் மட்டும் தட்டிப் பார்த்தால் சத்தம் வேறாக இருந்தது. "தூண்ல உரசிட்டேன் தம்பி, பட்டி போட்டுப் பெயின்ட் அடிச்சேன்" என்று நாங்கள் கேட்பதற்கு முன் அவரே சொன்னார். 3,40,000க்கு முடிந்தது. வங்கிக் கடன் முடிந்தும் ஆர்சியில் அடமானம் நீக்காமல் இருந்ததால் அதற்கு ஃபாரம் 35, பிறகு 29, 30 என்று பெயர் மாற்றத்துக்கு மூன்று வாரம் ஆனது.

அதே தரத்தில் ஓன் போர்டு லிவா ஒன்று கிடைத்திருந்தால் அதைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன். கிடைக்கவில்லை. அந்த 2017 ஃபிகோ மேடவாக்கத்தில் விற்காமல் இருந்தது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது வேலை எதுவும் இல்லாமலே எட்டிப் பார்த்தேன். இன்னும் நிற்கிறது. இருபதாயிரம் குறைப்பதாகப் புரோக்கர் சொன்னார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.