நிற்கிற காருக்கு எது சரி: ஸ்டார்ட்டா, ஸ்பேனரா, சார்ஜரா, பண்ணாரியா?

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீடான சாளையில் அப்பாவின் பெட்ரோல் கார் நிற்கிறது. நிற்கிறது என்பதுதான் சரியான சொல். ஏழு வருடத்தில் ஓடியது 19,000 கிலோமீட்டர். கடைக்கும் பால் சொசைட்டிக்கும் மொபெட் போதும். கல்யாணம், காது குத்து என்றால்தான் கார் வெளியே வரும். இதற்குள் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. மூன்றாவதைக் காப்பாற்றுவதற்காக நான்கு வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன்.

முதல் வழி எல்லார் வீட்டிலும் நடப்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சாவியைத் திருகுவார், இன்ஜின் ஓடும், டீயைக் குடித்து முடித்ததும் அணைத்துவிடுவார். ஐந்து நிமிடம். சைலன்சரில் தண்ணீர் சொட்டினால் முகத்தில் ஒரு திருப்தி. "பாரு கண்ணு, தண்ணி சொட்டுது. இன்ஜின் ஜம்முன்னு இருக்குது."

அந்தத் தண்ணீர் பெட்ரோல் எரியும்போது எப்படியும் உண்டாவது. நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் சூடாகி அது ஆவியாகப் போய்விடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் பாதி உள்ளேயே தங்கி, இரும்பை உள்ளிருந்து அரிக்கும். இன்ஜின் ஆயிலுக்கும் இதே கதை: சூடேறாத ஆயிலில் ஈரமும் எரியாத பெட்ரோலும் கலந்தபடியே கிடக்கும்.

சரி, பேட்டரியாவது சார்ஜ் ஆகிறதா? பூட்டி நிற்கும் காரிலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், எங்கள் வண்டியில் 30 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி, வாரத்துக்கு ஐந்து, மாதத்துக்கு இருபத்தொன்றுக்கு மேல். பேட்டரியின் கொள்ளளவே 35 தான். வண்டி நின்றபடி ஐந்து நிமிடம் இன்ஜின் ஓடுவதில் திரும்ப ஏறுவது, தாராளமாகப் போட்டாலும் ஒன்றைத் தாண்டாது. அதிலும் ஸ்டார்ட் செய்ய எடுத்ததைக் கழிக்க வேண்டும். வாரம் ஐந்து செலவு, ஒன்றுக்குக் குறைவாக வரவு. இப்படிப் பாதி சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் எந்த சார்ஜரில் போட்டாலும் பழைய தெம்பு வராது. நான்கில் மோசமானது இதுதான் என்பது என் முடிவு. சும்மா விட்டுவைப்பதே தேவலை.

இரண்டாவது, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுவது. பெரும்பாலான கார்களுக்கு 10 எம்எம் ஸ்பேனர் ஒன்று போதும், செலவு சுழியம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். கழற்றிய ஒயர் முனையைத் துணியில் சுற்றி ஒதுக்கிவிட்டால், வண்டி குடிப்பது நின்றுவிடும். பேட்டரி தானாக இழப்பது மட்டும் மிச்சம். குளிர் காலத்தில் அது பெரிதில்லை, வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரையில் வேகம் கூடும்.

தொல்லையும் உண்டு. கடிகாரம் பன்னிரண்டுக்குப் போய்விடும், ரேடியோ நிலையங்கள் மறந்துவிடும், சில வண்டிகளில் ரேடியோவே ரகசிய எண் கேட்கும். ரிமோட் வேலை செய்யாது, கதவைச் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். இதெல்லாம் அப்பாவுக்குப் பிரச்சினையே இல்லை. குனிந்து ஸ்பேனர் பிடிப்பதுதான் பிரச்சினை. அதற்கு மைனஸ் முனையில் மாட்டும் கட்-ஆஃப் சுவிட்ச் கிடைக்கிறது, சில நூறு ரூபாய்தான். குமிழைத் திருகினால் இணைப்பு துண்டாகும், திரும்பத் திருகினால் சேரும். இந்த விஷயத்தில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான காசு அது.

மூன்றாவது, ஸ்மார்ட் சார்ஜர். பேட்டரி நிறைந்ததும் தானே மின்னோட்டத்தைக் குறைத்து, 13.5 வோல்ட் பக்கத்தில் பிடித்து வைத்திருக்கும். மாதக்கணக்கில் மாட்டியபடியே விடலாம். பட்டறையில் இருக்கும் சாதா சார்ஜரை இப்படி விடக்கூடாது. தண்ணீர் வற்றிப் போகும், வாயுவும் வெளியேறும். பேட்டரியின் ஆயுளை மட்டும் பார்த்தால் நான்கில் இதற்குத்தான் முதல் இடம். ஆறு மாதம் மகள் வீட்டுக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் விலை ஆயிரங்களில். கோவை அடுக்குமாடியில் பார்க்கிங் தூணில் பிளக் இருக்காது. எங்கள் ஷெட்டுக்கு அருகில் பிளக் இருப்பது மோட்டார் ரூமில். அது பம்ப்செட்டுக்கான இலவச மின்சாரம், காருக்கு எடுப்பது தப்பு. அதோடு, பேட்டரி மட்டும் நன்றாக இருந்து என்ன? டயர், பிரேக், ஏசி எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

நான்காவது, ஓட்டுவது. அரை மணிக்குக் குறையாமல் ஓட்டினால் ஆயில் சூடேறி ஈரம் போகும், டிஸ்க்கில் படிந்த துரு பிரேக் பிடிக்கப் பிடிக்கத் தேய்ந்துவிடும், டயர் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்காது. ஏசியையும் போட்டுவிட வேண்டும். அதன் ஆயில் சுற்றினால்தான் கம்ப்ரஸர் சீல் காயாமல் இருக்கும். 2020க்குப் பின் வந்த டீசல் வண்டி என்றால் இதைவிட்டால் வழியே இல்லை. புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி சுத்தமாக நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். மாதம் இரண்டு முறை கடைக்குப் போகிறவருக்கு டீசல் கார் எதற்கு என்பது வேறு விஷயம்.

சொல்வது சுலபம், வாரா வாரம் எங்கே போவது? பெட்ரோல் விற்கும் விலையில் சும்மா சுற்றிவர அப்பாவுக்கு மனசு வராது. அதற்கு அம்மாதான் வழி சொன்னாள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பண்ணாரி அம்மன் கோயில். சத்தியமங்கலம் தாண்டிப் போய் வருவதற்குள் இன்ஜினுக்கு வேண்டியது கிடைத்துவிடும், இடைவெளியும் பதினைந்து நாள்தான். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஓட்டுகிறான். வந்து நிறுத்தியதும் குமிழைத் திருகிவிடுகிறார்கள். ஆக, எங்கள் வீட்டில் ஜெயித்தது இரண்டும் நான்கும் சேர்ந்த கூட்டணி.

மற்றவை சுருக்கமாக. நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடுவதில்லை, முதல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைக்கிறோம். மழையில் நனைந்து வந்த வண்டியில் பிரேக் ஒட்டிக்கொண்டு ஒருமுறை பட்டிருக்கிறோம். டயரில் வழக்கத்தைவிட மூன்று நான்கு பாயிண்ட் கூடக் காற்று. ஆயில் கிலோமீட்டர் பார்த்து அல்ல, வருடம் பார்த்து. பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம்: ஈரத்தை உள்ளே அடைக்கும், ஆடிக் காற்றில் மண்ணோடு சேர்ந்து பெயின்டைத் தேய்க்கும். சைடு மிரருக்குப் பழைய துணிப்பை மாட்டுங்கள். எங்கள் பக்கம் மயில் அதிகம், கண்ணாடியில் தெரியும் இன்னொரு மயிலோடு சண்டைக்கு நிற்கும்.

எலிதான் பெரிய தலைவலி. ஒருநாள் பானெட்டைத் தூக்கினால் பேட்டரி மேல் சோளத்தட்டுத் துணுக்கும் கடலைக்காய் ஓடுமாக ஒரு குடித்தனம், பக்கத்தில் கடித்த ஒயர். புகையிலை வைத்தோம், ரசகற்பூர உருண்டை வைத்தோம்; வாசம் இருக்கும்வரைதான். ஷெட்டை ஒட்டியிருந்த சோளத்தட்டுப் போரைத் தள்ளிப் போட்ட பிறகே குறைந்தது.

அப்பாவால் ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியவில்லை. டீ டம்ளரோடு போய் பானெட்டைத் திறந்து, என் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறார். 12.6 என்றால் நிறைவு, 12.2க்கு வந்தால் பாதி என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். போன வாரம் போனபோது நாள்காட்டியைப் பார்த்தேன். அமாவாசைக்கு முந்தின ஞாயிறில், பால் கணக்குக்குக் கீழே, பென்சிலில் 12.5 என்று எழுதியிருந்தது.