ஊட்டியில் வாங்கிய கல்மீன்: கல்லுக்கு 5 ஸ்டார், கடைக்கு 2

ஊட்டி கமர்ஷியல் ரோடு பக்கம் ஸ்படிகம், மணிமாலை விற்கும் ஒரு சின்னக் கடையில் போன மாதம் ஒரு மீன் ஃபாசில், அதாவது கல்லில் பதிந்துபோன பழங்கால மீன், வாங்கினேன், விலை 2,800 ரூபாய். கடைப் பெயரைப் போட மனசு வரவில்லை.

முதலில் கல்லைப் பற்றி. உள்ளங்கை அகலத்தில் வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல், அதன்மேல் விரல் நீளத்துக்கு ஒரு மீன், முள்ளெல்லாம் டிகாஷன் நிறம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் நடுமுள்ளின் ஒவ்வொரு கணுவும் தனித்தனியாக எழும்பி நிற்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கலாம். பெயர் நைட்டியா, நம்ம மத்தியின் குடும்பம். அமெரிக்காவின் வயோமிங்கில் ஏராளமாகக் கிடைக்கிறது, சுமார் 5 கோடி ஆண்டுப் பழசு, 1987இல் அந்த மாநிலம் இதையே தன் மாநில ஃபாசிலாக அறிவித்தது. கடைச் சீட்டில் கடல்மீன் என்று எழுதியிருந்தார்கள், அது தப்பு, இது ஏரிமீன்.

வாங்குமுன் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஓரத்தில் லேசாகத் துடைத்துப் பாருங்கள், பெயிண்டாக இருந்தால் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அப்புறம், நம்ம மலையிலேயே தோண்டியது என்று யாராவது சொன்னால் வாங்கவே வாங்காதீர்கள். நீலகிரி மலையின் கல்லான சார்னகைட், பூமிக்கு அடியில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான பாறை, சுமார் 250 கோடி ஆண்டு, அப்போது உலகத்தில் மீனே கிடையாது.

எனக்கு இது எதற்கு என்றால், அண்ணன் மகளுக்கு இரண்டு வருஷமாக ராத்திரியில் ஒரு கதை சொல்லிவருகிறேன். கடலையே பார்க்காத ஒரு மலைநாடு, அங்கே வீட்டுக்கு வீடு நிலைப்படிக்கு மேலே ஒரு கல்மீன் இருக்கும். ஃபாசில் பலகையைப் பிளந்தால் ஒரு பாதியில் முள்ளும் மறுபாதியில் அதன் பதிவும் நிற்கும் இல்லையா, அந்த நாட்டில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது பதிவுள்ள பாதி சீரோடு போகும், முள்ளுள்ள பாதி தாய்வீட்டில் தங்கும். தலைப்பிரசவத்துக்கு வருகிறவள் இரண்டையும் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் வாசல் தாண்டுவாள். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமத்துக்குள் தெரியும் சக்கரம் அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் ஃபாசில்தானே, எங்கள் பூஜையறையில் அதைப் பார்த்துப் பார்த்து வந்த யோசனை இது.

அந்தக் கடையில் ஜோடியே இருந்தது. இரண்டும் வேண்டும் என்றேன், கையில் அன்று பணம் போதவில்லை. "எடுத்து வைக்கிறேன் சார், சனிக்கிழமை வாங்க" என்றார் கடைக்காரர். கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்துப் போனால் பதிவுப் பாதியை யாரோ டூரிஸ்டுக்கு விற்றிருக்கிறார். "அதுல மீனே இல்லையே சார், வெறும் தடம்தானே" என்கிறார். 5 கோடி வருஷம் ஒட்டிக்கிடந்ததை அவர் ஒரே வாரத்தில் பிரித்துவிட்டார், எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டில் பாப்பா கல்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொண்ணுக் கல்லு எங்க சித்தப்பா?" என்றாள்.

போன மாதம் ஊட்டியில் மீன் தடம் உள்ள கல்லை வாங்கியவர் இதைப் படித்தால், வால் பக்கத்து மூலை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். திருப்பிக் கேட்கமாட்டேன். ஒருநாள் கோத்தகிரிக்கு எடுத்து வாருங்கள், பொருத்திப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறோம்.