பெயர்ப்பலகை இல்லாத ஒரு வகுப்பு: 'இஃப்' வாக்கியங்களை இங்கே கற்கலாம்

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் இடங்களுக்குக் குறைவில்லை. பலாலி வீதியால் போனால் மதிலுக்கு மதில் விளம்பரம் ஒட்டியிருக்கும். நான் எழுதப்போவது அப்படி எந்த விளம்பரமும் இல்லாத ஒரு வகுப்பைப் பற்றி. திருநெல்வேலிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தம் வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறு பின்னேரங்களில் நடத்துகிறார். இலக்கணம் முழுவதையும்தான் கற்பிக்கிறார். ஆனால் நடக்காததையும் நடக்க முடியாததையும் 'இஃப்' போட்டுச் சொல்லும் வாக்கியங்களை அவர் கற்பிக்கும் விதத்துக்காக மட்டுமே அங்கே போகலாம் என்பது என் துணிபு.

எனக்கு அது ஏன் முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நல்லூரில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். கந்தசுவாமி கோவில் திருவிழா நடக்கும் 25 நாட்களும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். தாத்தா பாட்டியோடு தமிழில் பேசலாம், பேரப்பிள்ளைகளோடு ஆங்கிலம்தான். அந்த நாட்களில் என் வேலையில் பாதி, இல்லை என்று சொல்வது. அறை இல்லை, வாகனம் இல்லை, கீழ்த்தளத்தில் கட்டில் இல்லை. 'நோ ரூம்' என்று சொன்னால் வந்தவரின் முகம் வாடிவிடும். "இஃப் யூ ஹாட் கோல்ட் யெஸ்டடே, ஐ வுட் ஹாவ் கெப்ட் எ ரூம் ஃபோர் யூ" என்று சொல்லிப் பாருங்கள். அறை அப்போதும் இல்லைதான். ஆனால் நேற்றே அழைத்திருந்தால் ஒதுக்கி வைத்திருப்பேன் என்ற மனம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கள் தொழிலில் மரியாதையின் பெரும்பகுதி இந்த வாக்கிய அமைப்புக்குள்தான் இருக்கிறது.

பெரும்பாலான வகுப்புகளில் இந்தப் பாடத்தை இலக்கமிட்டுத் தொடங்குவார்கள். பூச்சிய வகை, முதலாம் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று ஒரு அட்டவணை வரும். பிள்ளைகள் அதைப் பாடமாக்குவார்கள். பரீட்சை முடிந்ததும் எது இரண்டு, எது மூன்று என்று குழம்புவார்கள். இந்த ரீச்சர் இலக்கங்களை வாயில் எடுப்பதே இல்லை. கடைசியாக வரவேண்டியதை முதலில் எடுக்கிறார். "நேற்று மழை பெய்திருந்தால் நான் வந்திருக்க மாட்டேன்" என்று கரும்பலகையில் தமிழில் எழுதி, அதன் கீழே "இஃப் இட் ஹாட் ரெய்ன்ட் யெஸ்டடே, ஐ வுட் நொட் ஹாவ் கம்" என்று எழுதுகிறார். 'பெய்திருந்தால்' என்பதற்கு நேர் கீழே 'ஹாட் ரெய்ன்ட்', 'வந்திருக்க மாட்டேன்' என்பதற்கு நேர் கீழே 'வுட் நொட் ஹாவ் கம்'. இரண்டு மொழியிலும் நடந்து முடிந்துபோனதை மாற்றி நினைக்கும்போது வினையோடு இன்னொரு துணைவினை வந்து ஒட்டிக்கொள்கிறது. புத்தகங்கள் மிகக் கடினமானது என்று கடைசிக்குத் தள்ளும் வகை, தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்கெனவே வாயில் இருக்கிறது. இதிலிருந்து தொடங்கினால் பயம் முதல் நாளே போய்விடும். இந்த ஒழுங்கைக் கண்டுபிடித்ததற்காகவே ரீச்சரைப் பாராட்ட வேண்டும்.

அடுத்த படிதான் உண்மையில் கடினம். "காசு இருந்தால் வாங்குவேன்" என்று தமிழில் சொன்னால், சொல்பவரிடம் காசு இருக்கக்கூடுமா, அறவே இல்லையா என்பதை நாம் அவர் முகத்தையும் சந்தர்ப்பத்தையும் வைத்துத்தான் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் அப்படி விடாது. காசு இருக்கலாம் என்றால் "இஃப் ஐ ஹாவ் மணி, ஐ வில் பை இட்". கையில் இல்லை, இருப்பதாகக் கற்பனை செய்கிறேன் என்றால் "இஃப் ஐ ஹாட் மணி, ஐ வுட் பை இட்". இந்த 'ஹாட்' இறந்தகால உருவம். ஆனால் பேச்சு இன்றைய நாளைப் பற்றியது. இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

இதற்கு ரீச்சர் கரும்பலகையின் நடுவே வெண்கட்டியால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுக்கிறார். இடது பக்கம் 'நடக்கும், நடக்கலாம்'. வலது பக்கம் 'நடக்காது, நடக்கவில்லை'. யாராவது ஒரு வாக்கியம் சொன்னால் உடனே ஆங்கிலத்துக்குப் போக விடமாட்டார். "தம்பி, கோட்டுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்பார். பதில் வந்த பிறகுதான் "எந்தக் காலம்?" என்ற இரண்டாவது கேள்வி. வலது பக்கம் என்றால் வினையை ஒரு காலம் பின்னே தள்ள வேண்டும். இன்றையது இறந்தகால உருவம் எடுக்கும். நேற்றையது அதற்கும் பின்னே போய் 'ஹாட்' சேர்த்துக்கொள்ளும். அந்த உருவம் அங்கே நேரத்தைக் காட்டவில்லை, உண்மையிலிருந்து விலகி நிற்பதைக் காட்டுகிறது என்று அவர் சொன்னபோது, எனக்குப் பள்ளிக்கூட நாட்களிலிருந்து அடைபட்டிருந்த ஒரு கதவு திறந்தது.

'இஃப் ஐ வேர் யூ' என்பதில் 'ஐ'க்குப் பின்னால் 'வேர்' எப்படி வந்தது என்று ஒரு மாணவி கேட்டார். பழைய ஆங்கிலத்தில் கற்பனைக்கும் விருப்பத்துக்கும் தனி வினை உருவம் இருந்தது, அதன் மிச்சம்தான் இது என்று விளக்கினார். பேச்சில் 'வோஸ்' என்றும் சொல்வார்கள், கேட்டால் பிழை என்று நினைக்க வேண்டாம், எழுத்தில் 'வேர்' போடுங்கள் என்றார். வேறிடங்களில் இந்தக் கேள்விக்கு "அது அப்படித்தான்" என்பதே பதில்.

பின்னர் ஒரு நாள் கலப்பு வாக்கியத்துக்கு, அதாவது நேற்றைய நிபந்தனையும் இன்றைய விளைவும் சேரும் வாக்கியத்துக்கு, ரீச்சர் எடுத்த உதாரணம் யாழ்ப்பாணப் பொது நூலகம். "இஃப் த லைப்ரரி ஹாட் நொட் பீன் பேர்ன்ட் இன் 1981, தோஸ் மனுஸ்கிரிப்ட்ஸ் வுட் ஸ்டில் பீ ஹியர்." நூலகம் எரிக்கப்பட்டது அன்று, ஆகவே 'ஹாட் நொட் பீன் பேர்ன்ட்'. ஏடுகள் இல்லாதிருப்பது இன்று; ஆகவே 'வுட் ஹாவ் பீன்' அல்ல, வெறும் 'வுட் பீ'. சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அந்தத் தீயில் போயின. அந்த இழப்பு 1981உடன் முடிந்துவிடவில்லை, இன்றும் தொடர்கிறது என்பதை 'வுட் பீ' என்ற இரண்டு சொற்கள் சரியாகப் பிடித்துக்கொள்கின்றன. வேறு எந்த உதாரணமும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது. இலக்கணப் புத்தகங்களில் வரும் லொத்தர்ச் சீட்டு உதாரணங்களை நான் மறந்துவிட்டேன். இதை மறக்க மாட்டேன்.

வீட்டுவேலை திருத்தும் முறையும் குறிப்பிட வேண்டியது. பிழை இருந்தால் சரியான விடையை எழுதித் தரமாட்டார். ஓரத்தில் சிவப்பு மையால் 'கா' அல்லது 'உ' என்று ஓர் எழுத்து மட்டும். 'கா' என்றால் காலம் பிழைத்திருக்கிறது. 'உ' என்றால் உண்மையா கற்பனையா என்பது பிழைத்திருக்கிறது. திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டும். "இஃப் ஐ வுட் ஹாவ் நோன்" என்று எழுதினால் அந்த 'வுட்'டைச் சுற்றி வட்டம் விழும்: 'இஃப்' இருக்கும் பகுதியில் 'வுட்' வேண்டாம், 'ஹாட் நோன்' போதும். இதற்கு ஒரு விலக்கையும் சொல்லித் தந்தார். "இஃப் யூ வுட் வெயிட் எ மினிட்" என்பது கற்பனை அல்ல, தயவு கேட்பது. என் மேசையில் நாள் முழுக்கப் பயன்படும் வாக்கியம் அது.

குறைகளும் உண்டு. காதுக்குப் பயிற்சி இல்லை. 'ஐ ஹாட்', 'ஐ வுட்' இரண்டுமே பேச்சில் 'ஐட்' என்று சுருங்கிவிடும். பின்னால் 'நோன்' போன்ற உருவம் வந்தால் 'ஹாட்', 'நோ' என்ற மூலவினை வந்தால் 'வுட்' என்று ரீச்சர் பலகையில் தெளிவாகவே காட்டுகிறார். ஆனால் ரொறன்ரோவிலிருந்து வந்த பிள்ளை அதை வேகமாகச் சொல்லும்போது பலகை உதவாது. ஓர் ஒலிப்பதிவாவது போட்டுக் காட்டலாம். 'இஃப்' இல்லாமல் "ஹாட் ஐ நோன்" என்று தலைகீழாக வரும் அமைப்பையும் அவசரமாகக் கடந்துவிட்டார். கடிதங்களில் அது அடிக்கடி வருவதால் எனக்கு அது ஏமாற்றம். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது பிள்ளைகள் கூடிவிடுவார்கள்; விறாந்தையின் கடைசி வாங்கிலிருந்து பலகை தெரியாது. மழை நாட்களில் சாரலும் அடிக்கும்.

ஐஇஎல்ரிஎஸ் எழுதுவோருக்கு ஒரு வார்த்தை. அங்கே பேச்சுக்கும் எழுத்துக்கும் புள்ளியிடும் நான்கு அளவுகோல்களில் ஒன்று இலக்கணம். பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதியில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்ற வகைக் கேள்விகள் வரக்கூடும். அதற்கு இந்தப் பாடம் நல்ல அத்திவாரம். ஆனால் தேர்வு நுட்பங்களையும் மாதிரி வினாத்தாள்களையும் மட்டும் எதிர்பார்ப்பவர்கள் வேறிடம் பார்ப்பது நல்லது. ரீச்சர் அவற்றைத் தொடுவதில்லை.

கட்டணம் மாதம் 3,000 ரூபாய். செலுத்த முடியாத பிள்ளைகளிடம் அவர் வாங்குவதில்லை என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். பெரியவர்களுக்கு ஞாயிறு வகுப்பே வசதி. நெரிசல் குறைவு, கேள்வி கேட்க நேரம் கிடைக்கும். தொலைபேசியில் பதிவு இல்லை, நேரில்தான் போக வேண்டும். 160 பக்கக் கொப்பி ஒன்று கொண்டுபோங்கள்; 80 பக்கம் காணாது, திருத்தி எழுதவே பாதி போய்விடும்.